வலிக்குது என்று சொல்லப் பழகியவள்

பஸ் டிப்போவில் அவளுக்குக் கல்லு என்று பேர். ஓட்டுநர் வேலைக்கு வந்த புதிதில் கதவில் விரல் நசுங்கி ரத்தம் சொட்டியபோதும், நடத்துனர் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாள். அந்தக் கல்லுக்குத்தான் கழுத்திலும் இடுப்பிலும் ஒன்பது வருஷமாக வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "லீவுக்கு அடி போடுறா" என்று சிலர் சிரித்தார்கள். அவள் லீவே எடுத்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு நிறுத்தங்களை நிற்காமலே தாண்டிவிட்டாள். பயணிகள் கத்தியது காதில் விழவில்லை. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த நாலு நிமிஷம் அவள் நினைவில் இல்லவே இல்லை. நேரே மேலாளரிடம் போய்ச் சாவியை மேஜையில் வைத்தாள்.

"என்னை வண்டியிலேர்ந்து இறக்கிடுங்க சார்."

"ரெண்டு ஸ்டாப்புக்காம்மா?"

"அடுத்த தடவை அது சிக்னலா இருந்தா?"

தொலைந்த பொருள்கள் அறைக்கு மாற்றினார்கள். பகலில் குடைகளுக்குச் சீட்டு ஒட்டினாள். வாரம் ஒருமுறை மனநல டாக்டரம்மா ஒருவரைப் பார்த்தாள். அவர் வலியை விசாரித்துவிட்டு, சின்ன வயதில் வீடு எப்படி இருந்தது என்று கேட்டார். அப்பாவின் பெல்ட் ஞாபகம் இருந்தது, அடி ஞாபகமில்லை.

"நான் மேல ஃபேன்கிட்ட இருப்பேன். கீழ யாரோ அடி வாங்குவாங்க."

"அப்படி விலகினதுதான் அன்னிக்கு உங்களைக் காப்பாத்திச்சு. இப்ப அது வண்டியிலயும் தானா நடக்குது. அன்னிக்கு விறைச்ச உடம்பு இன்னும் தளரலைன்னு நினைக்கிறேன். வலி பொய்யில்லம்மா."

அன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்தாள். "பழசை எதுக்குக் கிளறுறே?" என்றவன், பிறகு தானே சொன்னான்: "நீ அழவே மாட்டே. அழலேன்னே இன்னும் அடிப்பாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டேன்."

பாதம் தரையில் படுவதைக் கவனிக்க வேண்டும், நினைவு நழுவும்போது எதிரே இருப்பவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதுதான் டாக்டரம்மா தந்த பயிற்சி. முதல் இரண்டு மாதம் வலி கூடியது. "கொஞ்சம் நிறுத்திக்கலாமா?" என்றார் டாக்டரம்மா.

"இவ்ளோ தூரம் வந்தாச்சு. பார்த்துடுவோம்."

அடுத்து வந்த ஆறு மாதங்களில் நினைவு ஒருமுறைகூட நழுவவில்லை. டாக்டரம்மா சான்று கொடுத்தார். டிப்போ மறுபடி ஓட்டுநர் தேர்வு வைத்தது. பாதி வழியில் கழுத்தில் சுருக்கென்றது. ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"என்னாச்சு?" என்றார் பரிசோதகர்.

"வலிக்குது சார். ரெண்டு நிமிஷம்."

இறங்கித் தோளை உருட்டினாள். ஏறி, மீதி வழியை ஓட்டி முடித்தாள். அவர் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வலி இன்னும் வருகிறது, முன்னளவுக்கு இல்லை. வருகிற நாளில், வண்டியை எடுக்கும் முன்பே நடத்துனரிடம் சொல்லிவிடுகிறாள்.