மேல் வீட்டுக்குப் போன குழாய்

சுவிஸில், ஊஸ்டர் நகரத்தில் வாடகைக்கு இருந்த வரைக்கும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. திறந்தால் வந்தது. நகரத்துக்கு வெளியே, சரிவில் கொஞ்ச வீடுகள் மட்டும் இருக்கிற இடத்தில் பழைய வீடொன்றை வாங்கிக் குடிபோன பிறகுதான், குழாய்த் தண்ணீருக்கு நாங்களே சொந்தக்காரர் என்று தெரியவந்தது. அங்கே நகரசபை தண்ணீர் தருவதில்லை. வீட்டுக்காரர்கள் சேர்ந்து தண்ணீர்ச் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஊற்று, தொட்டி, குழாய் எல்லாம் சங்கத்துடையவை. சேரும்போது ஒரு பங்கு, பிறகு ஆண்டுக் கட்டணம். குழாய் வெடித்தால் செலவு எல்லார் தலையிலும். வசந்தம் வந்தால் மண்வெட்டியோடு போய் ஊற்றடியைத் துப்புரவாக்க வேண்டும். போகாதவருக்குத் தண்டம்.

இவருக்கு, என் கணவருக்கு, அதெல்லாம் பெரிய புளுகம், சொல்ல முடியாத சந்தோசம். மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்த நாள் முதல் எதற்கும் அனுமதி கேட்டே பழகிய மனிதர். இப்போது அவரைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள். “இஞ்ச நானும் ஒரு ஆள்” என்று தம்பிக்கு ஃபோனில் சொன்னதை நான் என் காதாலே கேட்டேன்.

எங்களுக்கு மேலே, காட்டோரம், ஒரே ஒரு வீடு. கிழவர் ஒருவர் தனியாகச் சில மாடுகளோடு இருந்தார். எங்கள் முதல் பனிக்காலத்தில், நாங்கள் கேட்காமலே பாதையில் கிடந்த பனியை டிராக்டரால் வழித்துவிட்டுப் போனவர்.

அவர் வீட்டுக்குப் போகிற குழாய் திரும்பத் திரும்ப வெடித்தது. ஒரு வீட்டுக்காக அவ்வளவு நீளத்தையும் புதுப்பித்தால் சங்கத்தின் சேமிப்பு முழுக்கக் கரைந்துவிடும், வேண்டுமானால் அவரே தன் செலவில் போடட்டும் என்று கீழே உள்ளவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். சங்கம் கைவிட்டால் மாடு வளர்க்க அவரால் முடியாது. அதை முடிவெடுக்கக் கூட்டம் வைத்த நேரத்தில் அவர் இடுப்பு ஒப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. போகும்முன் எங்கள் வாசலில் நின்று இவரிடம், “நான் வரும்வரை முடிவைத் தள்ளிவைக்கச் சொல். ஒருவர் கேட்டாலே தள்ளிவைப்பார்கள், அதுதான் இங்கே வழக்கம்” என்றார். கட்டாயம் கேட்பேன் என்று இவர் கைகொடுத்தார்.

கூட்டம் சனிக்கிழமை காலை, கீழே உணவகத்தின் பின்னறையில். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மத்தியானம் வந்து பார்த்தால் இவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் இருந்தார்.

“கேட்டனீங்களோ?”

“இல்லை.”

“ஏனப்பா, வாயிலை கொழுக்கட்டையோ?”

“மேல் வீட்டுக் குழாயைக் கைவிட ஆர் ஆதரவு எண்டு தலைவர் கேட்டார். எல்லாரும் கையை உயர்த்திப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தாங்கள். நானும் உயர்த்திப்போட்டன்.”

“விளங்காமலோ?”

“விளங்கித்தான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக ஏசினேன். நான் ஏசிக் களைத்த பிறகு இவர் மெல்லச் சொன்னார். ஊரில், பள்ளிக்கூட மண்டபத்தில், துவக்கும் தோட்டாவுமாக வந்தவர்கள் கூட்டம் வைப்பார்களாம். சம்மதிக்கிறவர்கள் கையை உயர்த்தச் சொல்வார்களாம். ஒருமுறை உயர்த்தாமல் இருந்த ஒருவரை மண்டபமே திரும்பிப் பார்த்தது. அடுத்த கிழமை அந்த மனிதர் இல்லை.

“இஞ்ச ஆரிட்டயப்பா துவக்கு இருக்கு?” என்றேன்.

“ஒருத்தரிட்டையும் இல்லை. எனக்குத் தெரியும்” என்றார்.

அதற்குமேல் என்னால் ஏச முடியவில்லை. பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

கிழவர் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். குழாய் போட அவரிடம் வசதி இல்லை. இலையுதிர் காலத்தில் மாடுகளை ஏற்ற லொறி வந்தது. இவர் போய் ஏற்றிக் கொடுத்தார், நானும் கூடப் போனேன். கடைசி மாடும் ஏறிய பிறகு கிழவர், “அன்றைக்கு உனக்கு வேலை இருந்திருக்கும். அதனால்தான் கூட்டத்துக்குப் போகவில்லை, இல்லையா?” என்று கேட்டார். அவ்வளவு சின்ன இடத்தில் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. இவர் தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம்.

“போனேன். நானும் கையை உயர்த்தினேன்” என்றார் இவர்.

கிழவர் லொறியின் கதவை அடைத்துக் கொளுக்கியைப் போட்டார். ஏன் உயர்த்தினாய் என்று அவர் ஒருநாள் கேட்பார், கேட்டால் எப்படிச் சொல்வது என்று இவர் மாதக்கணக்காகக் குளியலறைக்குள் நின்று டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், சொல்லிப் பழகியிருந்தார். கிழவர் கேட்கவில்லை.