அடுப்புக் கதவைச் சாத்திய கதை

எழுபதுகளின் கடைசியில் நான் தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்காரன். கொழுந்தைக் காயவைக்கும் டிரையருக்குச் சூடு கொடுப்பது என் வேலை. ஆள் உயர அடுப்பு. எத்தனை கட்டை போட்டாலும் போதாது. எண்ணெய் விலை ஏறியதால் விறகுக்கு மாறியிருந்தார்கள். அந்த விறகும் கட்டுப்படியாகவில்லை.

ஒருநாள் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி வந்தார். "இப்படி விறகு முழுங்குனா ஃபேக்டரிய மூடிட்டு, கொழுந்த வேற எஸ்டேட்டுக்கு லோரில அனுப்பிடுவேன்னு துரை சொல்லிட்டாரு. மூணு மாசம்தான் டைம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வெறக நானா திங்கிறேன்?" என்று கத்திவிட்டேன். ஃபேக்டரி போனால் என் வேலை போகும், வேலையோடு எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது?

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மழையில் நனைந்து, கொழுந்து நிறுக்க வரும் பெண்கள் அடுப்பு முன்னால் நின்று குளிர்காய்வார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. அவர்களுக்காக அடுப்புக் கதவை நாள் முழுக்க ஆவென்று திறந்தே போட்டிருப்பேன். பெரிய தர்மவான் என்று நினைப்பு.

தைப்பூசத்தன்று மலையில் கொழுந்து எடுக்கவில்லை. முந்தின நாள் பறித்த கொழுந்தைக் காயவைக்க மட்டும் நாங்கள் மூன்று பேர் போனோம். குளிர்காய ஆளில்லை என்று கதவைச் சாத்தினேன். டிரையரின் சூடுகாட்டி முள் விறுவிறுவென்று ஏறியது. எப்போதும் போல அதே அளவு கொழுந்துதான். ஆனால் மத்தியானமே தீர்ந்துவிடும் கட்டை, வேலை முடிந்த பிறகும் மிச்சம் கிடந்தது. என்மேலேயே ஆத்திரம் வந்தது. விறகைத் தின்றது நான்தான்.

இனிமேல் கதவைச் சாத்தியே வைக்கப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "அப்ப நாங்க நடுங்கிக்கிட்டே நிக்கணுமா?" என்றாள்.

மறுநாள் அவளே வந்து அடுப்பைச் சுற்றித் தொட்டுப் பார்த்தாள். பின்பக்கம், புகைபோக்கியின் செங்கல் சுவர் இதமாக இருந்தது. "இங்க ஒரு பலகை போடுங்க லா, போதும்" என்றாள்.

போட்டேன். பக்கத்திலேயே மழையில் ஊறிய கட்டைகளையும் அடுக்கினோம். காய்ந்த பிறகு அவை நின்று எரிந்தன. விறகு லோரி வருவது பாதியாகக் குறைந்தது.

மூன்றாம் மாதம் கிராணி வந்தபோது பெண்கள் எல்லாரும் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். "மூடலையாம். துரையே சொல்லிட்டாரு" என்றார்.

அத்தனை பேர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் புகை பட்டது என்று சமாளிக்கலாமென்றால், கதவு சாத்தியிருந்தது.