சித்தியின் பஸ்

எங்கள் காலனிக்கு டவுன் பஸ் வராது. ஆனால் ஏ.சி. போட்ட கம்பெனி பஸ் வரும். வரும் என்றால், திரும்புவதற்கு வரும். வல்லம் வடகாலில் இருக்கும் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப்போகும் அந்தப் பெரிய வண்டியைத் திருப்ப ஊருக்குள் இடம் கிடையாது. காலனித் தண்ணீர் டேங்குக்கு முன்னால்தான் மைதானம் இருந்தது. தினமும் காலையில் காலியாக வந்து, கதவைத் திறக்காமலே திரும்பி, ஊர் ஸ்டாப்பில் போய் நிற்கும். பிள்ளைகள் நாங்கள் ஓரமாக நின்று "வா, வா, ஹோல்டான்!" என்று டிரைவருக்கு உதவி செய்வோம்.

அதே பஸ்ஸில் வேலைக்குப் போகும் என் சித்தியும் மற்ற காலனிப் பெண்களும் முன்னதாகவே கிளம்பி ஊர் ஸ்டாப்புக்கு நடப்பார்கள். வழியில் பஸ் அவர்கள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டு முந்திப் போகும். அங்கே ஊர்ப் பெண்கள் முதலில் ஏறி, ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவார்கள். கேட்டால், "ஆள் வருது" என்பார்கள். அந்த ஆள் ஒருநாளும் வந்ததில்லை. சித்தி கம்பெனிவரைக்கும் நின்றுகொண்டே போய், அங்கே லைனிலும் ஷிப்ட் முழுக்க நிற்பாள். சாதி என்று யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை, பையை வைத்ததோடு சரி.

சித்தி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் மைதானத்தில் திரும்பும்போது எங்களுக்குக் கதவைத் திற, அவ்வளவுதான். ஹெச்.ஆரிடம் கேட்டாள், காண்ட்ராக்டரிடம் கேட்டாள். ஊரில் பிரச்சினை வரும் என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. சித்தியின் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

"ஒயுங்கா கீற வேலைய கெடுத்துக்காதடி," என்றாள் அம்மா. "நின்னுகினு போனா காலு இன்னா தேஞ்சா பூடும்?"

"காலு தேயாதுக்கா," என்றாள் சித்தி. "அந்தப் பையிங்கள தெனம் பாக்க முடியல."

ஒருநாள் காலை, திரும்பிய பஸ்ஸுக்கு முன்னால் சித்தியும் மற்ற பெண்களும் யூனிஃபார்மோடு மறித்து நின்றார்கள். டிரைவர் தெற்கத்திக்காரர். "எனக்கு எதுக்கு தாயி பொல்லாப்பு?" என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினார். யாரும் நகரவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிடும் என்ற பயத்தில் கடைசியில் கதவைத் திறந்தார். சித்தி முதல் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊர் ஸ்டாப்வரைக்கும் பஸ் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே ஊர்ப் பெண்கள் ஏறினார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை. அத்தனை சீட் காலியாகக் கிடக்க, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். எங்கள் ஆட்கள் இத்தனை நாள் நின்றதற்குப் பதிலாக நிற்கிறார்களாக்கும், நல்ல மனசு என்று நினைத்தேன்.

அந்த நல்ல மனசு சில நாட்கள்தான் தாங்கியது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கம்பெனிக்குப் போய்ப் பேசினார்கள். ஊருக்குத் தனியாக வேன் வந்தது. வேன் சின்னது, அதைத் திருப்ப எங்கள் மைதானம் தேவைப்படவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் பஸ் எங்கள் பெண்களை மட்டும் ஏற்றிக்கொண்டு நேராக டேங்க் வரைக்கும் வந்தது. அன்றுதான் காண்ட்ராக்டர் அவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு நிறுத்தியிருந்தான். ஆள் குறைப்பாம். குறைந்த ஆள் எல்லாம் எங்கள் காலனியாகவே இருந்தது எப்படி என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. சித்தி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். டிரைவரும் இறங்கச் சொல்லவில்லை. நான் ஏறிப்போய் ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து குதித்துப் பார்த்தேன்.

"இம்மாம் சீட்டும் நம்புளுக்கா சித்தி?"

"நமக்குத்தான். நல்லா உக்காந்துக்கோ," என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் பஸ் வரவில்லை. எங்கள் சித்தியின் பஸ் சர்வீசுக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.