பட்டுச்செடி

ஆரணியில் பிறந்து, அப்பாவின் தறிக்குப் பக்கத்திலேயே தூளியில் கிடந்து வளர்ந்த ஒருத்தி, பட்டு நூல் செடியில் காய்க்கிறது என்று சொல்வாளா? ஆறாம் வகுப்பில் நான் சொன்னேன். ஊர் சிரிக்கச் சொன்னேன். சொல்ல வைத்தவள் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, என் அத்தை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அணைத்த கை அடித்தால் என்ன செய்வது என்று ஒரு பழமொழியும் சொல்லக் காணோம்.

அத்தை அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பள்ளியையே ஒதுக்கினார்கள், அதிலும் எங்கள் வகுப்பை. வீட்டில் அத்தை, பள்ளியில் மிஸ். பயிற்சி முடியும் சமயத்தில் கல்லூரிப் பேராசிரியை வந்து, பின்னால் உட்கார்ந்து, ஒரு பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார். பாடம் பட்டுப்புழு. எந்தக் கேள்விக்கு யார் எழுந்து பதில் சொல்வது என்று அத்தை முன்கூட்டியே பங்கு பிரித்துவிட்டாள். எல்லாரும் சரியாகவே சொன்னால் போதாதாம். ஒரு பிள்ளை தப்பாகச் சொல்ல வேண்டும், டீச்சர் முகம் சுளிக்காமல் திருத்த வேண்டும். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறதாம்.

தப்பை வாங்கிக்கொள்ள வகுப்பில் ஆளில்லை. "எங்கப்பா பட்டுக்கடை வச்சிகினு இருக்காரு மிஸ், தோலை உரிச்சிடுவாரு" என்று ஒருவன் நழுவினான். மறுநாள் காலை எனக்குத் தலை பின்னும்போது அத்தை ஆரம்பித்தாள்.

"நீ சொல்லுடி கண்ணு."

"மாட்டேன் அத்த. எனக்குத்தான் தெரியுமே."

"தெரியாதவ சொன்னாத்தான் தப்பு. தெரிஞ்சவ சொன்னா அது நடிப்பு."

"எல்லாம் சிரிப்பாங்க."

"முடிஞ்சதும் நானே எல்லார் முன்னாடியும் சொல்றேன், நான்தான் சொல்லச் சொன்னேன்னு. சத்தியமா!" என்று என் உச்சந்தலையில் கை வைத்தாள்.

அந்தக் கையை நம்பித்தான் எழுந்து நின்றேன். "செடியில காய்க்குது மிஸ்." ஒத்திகை பார்த்த வகுப்புதான், இருந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அத்தை என் தோளைத் தொட்டு, புழுக்கூட்டை என் உள்ளங்கையில் வைத்து, தேன் போல விளக்கினாள். பேராசிரியைக்கு முகமெல்லாம் பூரிப்பு. எங்கள் வகுப்பு டீச்சரிடம், "மெல்லக் கற்கிற பிள்ளையை எவ்வளவு பொறுமையா கையாண்டாங்க, பார்த்தீங்களா?" என்றார். நான் அத்தையின் வாயையே பார்த்தேன். அது திறந்தது.

"தேங்க் யூ மேடம்" என்றது.

ஒரு சொல் கொல்லும் என்பது சும்மாவா? மறுநாளே வகுப்பு டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். மாலையில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார். "நடிப்பு மிஸ், அத்ததான் சொல்லச் சொல்லிச்சு" என்றேன். "தப்பையும் பண்ணிட்டு அவங்க மேல பழியா?" என்றார். வெளியே வந்தால் பையன்கள்: "ஏ பட்டுச்செடி! இன்னிக்குத் தண்ணி ஊத்திகினியா?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

டீக்கடையில் அப்பாவிடமே கேட்டார்களாம், உன் தறிக்கு எந்தத் தோட்டத்து நூல் என்று. அவராவது கொதிப்பார் என்று பார்த்தேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "ஒரு வார்த்தைதானேம்மா. இதுக்குப் போய் இன்னா பேஜார் பண்றே? அத்த பாஸாயிடுச்சில்ல?" அத்தை லட்டு நீட்டினாள். வாங்கிக் கால்வாயில் எறிந்தேன். முதுகில் அறை விழுந்தது, எனக்குத்தான்.

இப்போது நானும் பி.எட். பாடம் நடத்துமுன் எழுதும் பாடக்குறிப்பில் 'மாணவர் செயல்பாடு' என்றொரு கட்டம் இருக்கிறது. பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே அவன் பதிலை நாம் எழுதிவிட வேண்டும். போன வாரம் எங்கள் பேராசிரியை, "ஒருத்தனைத் தப்பா சொல்ல வச்சுத் திருத்துங்க, நல்லா எடுபடும்" என்றார். எனக்கு உடம்பு எரிந்தது. "தப்பை நானே சொல்றேன் மேடம், பசங்க திருத்தட்டும்" என்றேன். "மார்க் குறையும்மா." "குறையட்டும் மேடம்." குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும். குனியக் குனியக் குட்டுகிற உத்தியோகத்துக்கா படிக்க வந்தேன்?

அத்தை பயிற்சி முடித்துக் கிளம்பிய நாள் கண்ணிலேயே நிற்கிறது. வகுப்புக்கு மிட்டாய் கொடுத்தாள், போட்டோ எடுத்துக்கொண்டாள். சுவரில் இருந்த சார்ட்டுகளை முனை கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். புழு, கூடு, அந்துப்பூச்சி. அலுங்காமல் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"அத்த, சொல்றேன்னியே?"

"ஜல்தி வாடி, பஸ் போயிடும்."

கேட்டைத் தாண்டாதவரை நேரம் இருக்கிறது, திரும்பி வந்து சொல்லிவிடுவாள் என்று நம்பிக்கொண்டே நடந்தேன். அந்தப் பாடம் எங்களுக்காக நடந்ததே இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அதில் படித்தவள் அவள்தான். சுவரில் சார்ட்டுகள், பெஞ்சில் நாங்கள். சார்ட்டுகளை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனாள்.