வெளிச்சப் பலகைக்கு முன்னால் சமுத்திரம்

சமுத்திரம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். தாண்டியிருந்தால் கலெக்டராகி வீணாய்ப் போயிருப்பேன் என்பார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் அந்தப் பெரிய குளிர்பானக் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மண் சுமக்கப் போனவர், கட்டடம் எழும்பியதும் உள்ளேயே தங்கிவிட்டார். இருபத்தாறு வருஷம். காக்கிச் சட்டை, கம்பெனி பஸ், ஆஸ்பத்திரி அட்டை, தீபாவளி போனஸ், மாடி வீடு, மகள் மாரிசெல்விக்கு நர்ஸ் படிப்பு. எவன் சிபாரிசிலும் வந்ததில்லை. எல்லாம் இரண்டு கண்ணால் சம்பாதித்தது.

கண்தான் அவருடைய வேலை. கடைகளிலிருந்து திரும்பும் காலி பாட்டில்களைக் கழுவி, வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் ஓடவிடுவார்கள். உள்ளே ஸ்ட்ரா, பீடித்துண்டு, கண்ணாடிச் சில்லு எது தெரிந்தாலும் தூக்கிவிட வேண்டும். தாண்டிவிட்டால் கறுப்பு பானம் நிரம்பி மூடி விழுந்துவிடும். அப்புறம் யாராலும் எதையும் பார்க்க முடியாது. அதனால் கண் சோர்ந்துவிடாமல் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று சட்டம். சமுத்திரம் மாற மாட்டார்.

"எந்திரிங்க அண்ணாச்சி, என் முறை வந்துருச்சு" என்பாள் பக்கத்தில் நிற்கும் முனீஸ்வரி. அவள் காண்ட்ராக்ட் ஆள். காக்கிச் சட்டையும் கிடையாது, ஆஸ்பத்திரி அட்டையும் கிடையாது.

"ஏட்டி, ஒங்கண்ணு நேத்து முளைச்சது. கொசுக்காலையே புடிச்சவன் நான்."

"கொசுக்கால் கெடக்கட்டும். நேத்து கேன்டீன்ல சாம்பார் வாளியில கை கழுவப் போனியளே, அது என்ன?"

லைனே சிரித்தது. சமுத்திரமும் சிரித்தார்.

மூன்று வருஷமாகவே இடது கண்ணில் புகை. இப்போது வலதிலும். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி அட்டையே போதும். ஆனால் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும்; கண் மங்கினவனுக்கு வெளிச்சப் பலகைக்கு முன்னால் நாற்காலி கிடையாது. வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் மாட்டும் எழுத்து அட்டையை, வரிசையில் முன்னால் நிற்பவர்கள் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். வாய்ப்பாடு ஏறாத மண்டையில் அது ஏறியது. கடைசி வரிவரை ஒப்பித்து சபாஷ் வாங்கினார். ரிட்டையராக இன்னும் எட்டே மாசம்.

ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் லைனின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். காலை பதினோரு மணி வாக்கில் கழுவுகிற பக்கம் பாட்டில் உடைந்த சத்தம். அடுத்து வந்த வரிசையில் ஒன்றின் அடியில் ஏதோ மினுங்கியது. நீர்த்துளியா, சில்லா? கை நீண்டது. எந்த பாட்டில் என்று கைக்குத் தெரியவில்லை. லைனை நிறுத்தும் சிவப்பு சுவிட்சை அமுக்கினால் ஏன் என்று கேட்பார்கள். கை அந்தரத்தில் நிற்க, பாட்டில் போய்விட்டது.

மத்தியானச் சோற்றைத் தொடாமல் மூடி வைத்தார். இரண்டு மணிக்கு அதிகாரி ஆல்வினிடம் போனார்.

"லாரிய விடாதிய தம்பி. காலைல ஒரு பாட்டில்ல சில்லு போயிருக்கும்போல."

"பாத்தியளா?"

"பாத்தேனா இல்லையான்னே தெரியல. எனக்குக் கண்ணு தெரியல தம்பி."

ஆல்வின் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்ப் பேசினான். பிறகு திரும்பி வந்தான்.

"அந்தச் சரக்கு பன்னெண்டு மணிக்கே திருவில்லிபுத்தூர் போயிருச்சு. உறுதியாத் தெரியாம திருப்ப முடியாதுன்னு மேல உள்ளவுக சொல்லிட்டாவ. நீங்க சட்டையக் கழத்திக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

சமுத்திரம் வீட்டுக்குப் போகவில்லை. பனியனோடு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, மத்தியானம் சரக்கு இறங்கிய கடை எது என்று விசாரித்து, ரத வீதி முனையிலிருந்த நைனா முகமதுவின் கடையில் நின்றார். கண்ணாடி பாட்டில் பெட்டி வெளியிலேயே இருந்தது.

"மூடியில நெரப்புன மணி போட்ருக்கும். வாசிங்க பாய்."

"பதினொன்னு அஞ்சு. ஏன், நீங்க யாரு?"

"இத விக்காதிய. இந்தப் பெட்டியில எம்புட்டு இருக்கோ அம்புட்டும் நானே எடுத்துக்கிடுதேன்."

"எட்டுதான் இருக்கு. மிச்சம் பதினாறும் இப்பத்தான் ஒரு கூட்டமா வந்து வாங்கிட்டுப் போனாவ. கையோட கொண்டு போயிட்டாவளே!"

"எந்தப் பக்கம்?"

கடைக்காரர் தேர் நிற்கும் பக்கம் கை காட்டினார். சமுத்திரம் ஓடினார். வீதி நிறைய ஆட்கள். கையில் பாட்டில் வைத்திருப்பவர் யார், வெறுங்கையோடு நிற்பவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

"குடிக்காதிய! யாரும் குடிக்காதிய!" என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் போனார். யாரோ குடிகாரன் என்று விலகி வழிவிட்டார்கள்.