டிரில் வாத்தியார் வைத்த ஜாமீன்

முப்பத்தெட்டாம் வருஷம், பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் பச்சியப்பன், சேலத்தில் சாரணர் பயிற்சி முடித்து ஊர் திரும்பினார். முடிச்சுப் போடவும், திசை பார்க்கவும், அடிபட்டவனுக்குக் கட்டுப் போடவும், ஒரே தீக்குச்சியில் அடுப்பு மூட்டவும் கற்றிருந்தார். முகாமிலேயே முதலாவதாகத் தேறியவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவராகச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

பையன்களைச் சித்தேரி மலைக்கு அழைத்துப்போய் இதையெல்லாம் கற்றுத்தர ஆசைப்பட்டார். ஒரு முகாமை நல்லபடியாக நடத்திக் காட்டினால்தான் பள்ளியில் சாரணர் படை, இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பச்சியப்பன் பெற்றோர்களைக் கூட்டினார்.

குடியானவர்கள் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "காட்டுல படுக்கக் கத்துத் தரப்போறீங்களா? எம்மவன் தெனமும் கொல்லையிலதாங்க படுக்கறான். வூட்டுல தங்கறதுக்குக் கத்துக்குடுங்க, புண்ணியமாப் போவும்" என்றார் ஒருவர். அவர்கள் எழுந்து போனதும் கடைவீதிக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். தூறல் விழுந்தால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்று பள்ளிக்கே அனுப்பாத குடும்பங்கள்.

மளிகைக்கடை முனிராஜ் தொண்டையைச் செருமினார். "பையன் விழுந்து கையக் கால ஒடிச்சுக்கிட்டா யாருங்க பொறுப்பு?"

"நாந்தாங்க."

"நீங்களும் சேந்து விழுந்துட்டா?"

இதற்குச் சேலத்து முகாமில் பதில் சொல்லித் தரவில்லை. பச்சியப்பன் இன்சூரன்சு ஏஜெண்டு ஒருவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தார். கோட்டுப் போட்ட அந்த மனிதர், பையன்களுக்கு மலையேற இன்சூரன்சு கிடையாது, வேண்டுமானால் வாத்தியார் தம் உயிரை இன்சூர் செய்துகொள்ளலாம் என்றார்.

"அப்ப வாத்தியார் செத்தா வாத்தியாரம்மாவுக்குப் பணம். எம்பையன் விழுந்தா எனக்கு என்னாங்க?" என்றார் முனிராஜ். ஏஜெண்டு குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அந்தக் கடைவீதியில் ஜாமீன் இல்லாமல் ஒரு புளி மூட்டைகூட நகராது. பெற்ற பிள்ளையையா சும்மா அனுப்புவார்கள்? கூடிக் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: வாத்தியார் தம் மகள் கருப்பியை முன்னால் நடக்க விடட்டும், அவள் போகிற இடமெல்லாம் எங்கள் பிள்ளைகளும் வருவார்கள். புளிக்கு ஆள் ஜாமீன், ஆளுக்குப் பெண் ஜாமீன். மகா நியாயஸ்தர்கள்.

பச்சியப்பன் வீட்டுக்கு வந்து மனைவி செல்லியிடம் சொன்னார். அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"கூட்டிக்கிட்டுப் போங்க."

"இல்ல, மலைக்குப் போற வழியில ஒரு ஓடையத் தாண்டணும். அதுல பாறை கொஞ்சம் வழுக்கும். அவ சின்னப் பொண்ணு..."

செல்லி துடுப்பை நிறுத்தினாள். "ஒரு அபாயமும் இல்லன்னு ஊரெல்லாம் அடிச்சுச் சொன்னீங்களே. அப்ப வழுக்காத பாறை, எம்பொண்ணுக்கு மட்டும் வழுக்குதா?"

பச்சியப்பன் அன்று களி சரியாகச் சாப்பிடவில்லை.

யாரையும் அழைத்துப் போகுமுன் வழியைத் தானே நடந்து பார்க்க வேண்டும் என்பதுதான் முகாமில் முதல் பாடம். சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கும் மலைதானே என்று முதலாவதாகத் தேறியவர் அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓடையில் இறங்கிப் பார்த்தபோது, பாசி படிந்த பாறையில் அவருக்கே கால் சறுக்கி இடுப்பளவு நனைந்தது. அதற்கு மேலே ஆழமில்லாத ஒரு துறையைத் தேடிக் கண்டுபிடித்தார். இரு கரை மரங்களுக்கும் இடையே கற்றாழை நார்க் கயிற்றை இழுத்துக் கட்டி, தொங்கிப் பார்த்து, அவிழ்த்து மறுபடி கட்டினார்.

முகாமன்று பையன்களோடு அப்பன்மார்களும் வந்தார்கள், ஜாமீனைச் சரிபார்க்க. சித்தேரிக்காரர்கள் சிலர் தினைக்கொல்லையில் வேலையை விட்டுவிட்டு, இத்தனை பேரும் எந்தச் சாவுக்குப் போகிறார்கள் என்று விசாரித்தார்கள்.

கருப்பி கயிற்றைப் பிடித்தாள். பச்சியப்பன் கீழ்ப்பக்கம் தண்ணீரில் நின்றார். கடைவீதி முழுதும் கரை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தது. அவள் அக்கரை ஏறிப் பாவாடையைப் பிழிந்துகொண்டே, "இதுக்கா அப்பா இத்தனை பேரு?" என்றாள்.

முனிராஜ் மகனின் கையை விட்டார். பையன் கயிற்றைத் தொடுவதற்குள் அவசரமாகக் குரல் கொடுத்தார்:

"வாத்தியாரே, பொண்ணை அங்கேயே நிக்கச் சொல்லுங்க. எங்க பசங்க எல்லாம் கரையேறட்டும்."

பச்சியப்பன் தண்ணீரை விட்டு அசையாமல், "அடுத்த ஆள்" என்றார்.