எங்கள் ஆறு கடலில் விழும் இடம்

கடலுக்குப் போவது என்று முடிவானதும் நான் செய்த முதல் வேலை, போனில் ஒரு பட்டியல் எழுதியது. திருகோணமலையில் பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை. மலை உச்சிக் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி, படகில் புறாத் தீவு. வெறும் மணல் எனக்குப் போதாது. பாறையும் அலையும் முட்டிக்கொள்ளும் இடங்களாகத் தேடித் தேடிப் பொறுக்கியிருந்தேன். ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிற எனக்குக் கிடைத்தது மூன்று நாள் லீவு. அதில் ஒரு மணித்தியாலம் வீணாகப் போனாலும் எனக்குப் பொறுக்காது. என் மனைவி இந்தக் குணத்துக்குப் "பெரட்டு எடுக்கிற புத்தி" என்று பெயர் வைத்திருக்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர்.

அம்மா வட்டகொடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். அந்த வருடம்தான் வேலையிலிருந்து நின்றிருந்தார். கடலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் பட்டியலை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஆறு கடல்ல விழுற எடம் அந்தப் பக்கந்தானே? அதையும் எழுதிக்க" என்றார்.

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எரிச்சல் வந்தது.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு அப்பா இறந்துபோனார். சாம்பலைக் கரைக்க நானும் பங்காளிகள் இரண்டு பேரும் ஆற்றுக்குப் போனோம். எங்கள் பக்கம் அதற்குப் பெண்கள் வருவதில்லை. எங்கள் ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. வழக்கமாகக் கரைக்கும் இடம் அணைக்குக் கீழே. அன்று அங்கே வெறும் கல்தான் கிடந்தது. கல்லுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீர், அதிலும் யாரோ துணி துவைத்த நுரை. அந்தத் தண்ணீரில் அப்பாவைக் கரைக்க எனக்கு மனம் வரவில்லை. மேலே ஏறிப்போய், அணைக்குள் தேங்கி நின்ற பெரிய தண்ணீரில் கரைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஓடுற தண்ணியிலதாண்டா கரைக்கணும். கட்டிப் போட்ட தண்ணியில விட்டுட்டு வந்திருக்கியே. அவரு எப்படிக் கடலுக்குப் போய்ச் சேருவாரு?"

துக்க வீடு என்றும் பார்க்காமல் நான் கத்தினேன். அணைத் தண்ணீர் அப்படியே கிடப்பதில்லை, சுரங்கத்துக்குள் இறங்கி, கரண்ட் எடுக்கிற எந்திரத்தைச் சுற்றிவிட்டு, வெளியே வந்து மகாவலியில் சேருகிறது என்று ஒரு வகுப்பே எடுத்தேன். "அப்ப அந்த மனுசன் கரண்டுக்குள்ள போயிட்டாரா?" என்று மட்டும் அம்மா கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஆனால் மழைக்காலத்தில் அணையைத் திறக்கப் போவதாகச் சங்கு ஊதினால், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நிற்பார். நான் பார்க்காதது போல் இருந்துகொள்வேன்.

விடியலில் வேனில் புறப்பட்டோம், நாங்கள் மூன்று பேரும். கண்டியில் நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன், தம்புள்ளையில் மனைவி கழற்றினாள். அம்மா ஹபரணை வரை விடாப்பிடியாகப் போட்டிருந்தார். அங்கிருந்து பாதை காட்டுக்குள் நேராக ஓடியது. இரண்டு பக்கமும் ஒரே பச்சை, ஒரே வெயில். கண் மூடித் திறந்தாலும் அதே இடம். "இம்புட்டு நேரமா ஒரு வளைவுகூட இல்லையே, பாதை சரிதானா?" என்று அம்மா டிரைவரிடம் சந்தேகமாகக் கேட்டார். பிறகு தூங்கிப்போனார். நானும் அரைத்தூக்கத்தில் மலையிலிருந்து எதுவோ எங்களுக்கு முன்னால் மெதுவாக இறங்கிப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

மறுநாள் காலை கோயில் மலையில் ஏறினோம். கோட்டைக்குள் மான்கள் பயமில்லாமல் நடமாடுகின்றன. ஏறுவதற்கு முன் அம்மா பையிலிருந்து சவர்க்காரத்தை எடுத்துக் கணுக்காலில் தேய்க்க ஆரம்பித்தார். புல்லும் செடியுமாகக் கிடக்கிறதே, அட்டை ஏறாதா என்று. இந்த வெயிலில் அட்டை ஏது என்று சொல்லிப் பார்த்தேன். மனைவிக்கும் தேய்த்துவிட்டார். வேர்வையில் சவர்க்காரம் நுரைத்து, மாமியும் மருமகளும் செருப்பு வழுக்க வழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

மேலே போனதும் சிரிப்பு நின்றது. பாறை செங்குத்தாக இறங்குகிறது, கீழே வெகு ஆழத்தில் அலை வந்து அடிக்கிறது. அதற்கு அப்பால் எல்லாமே கடல். எங்கள் லயத்து வீட்டு வாசலில் விடியலில் நின்றால், பள்ளம் முழுக்க மேகம் நிறைந்து இப்படித்தான் கிடக்கும். ஆனால் ஒன்பது மணி ஆகியும் இது கலையவில்லை. எல்லோரும் பாறைப் பிளவை எட்டிப் பார்த்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "எந்தப் பக்கம்?" என்றார். குடாவுக்கு அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிந்த கரையைக் காட்டினேன். திரும்பக் கூப்பிடும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் கன்னியாவில் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டார். "தோட்டத்துல இதுல ஒண்ணே ஒண்ணு இருந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டார். நிலாவெளியில் அலை காலைத் தொட்டுவிட்டு ஓட, அது திரும்ப வரும்வரை அசையாமல் நின்றார்.

மூன்றாம் நாள் என் பட்டியலில் புறாத் தீவு இருந்தது. ஆறு விழுகிற இடத்தில் சேறும் கண்டல் பற்றையும்தான் இருக்கும், பார்க்க ஒன்றுமில்லை என்று மனைவியிடம் சிடுசிடுத்தேன். "ஒரு தீவு குறைஞ்சா என்ன ஆயிரப் போகுது?" என்றாள். அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. எனக்குப் பயம். அங்கே போய், ஆறு வற்றி மணலாகக் கிடந்தால்? அப்பாவை வழியிலேயே விட்டவன் நான் என்பது அம்மாவின் மனதில் அத்தோடு உறுதியாகிவிடும். ஆயுள் முழுக்க அது மாறாது.

ஆனாலும் போனோம். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூருக்குப் போய், ஒரு மீனவரிடம் கேட்டு வள்ளம் பிடித்தோம். கரையோரமாகவே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் எஞ்சினை நிறுத்தினார். வள்ளம் தானாக ஆடிக்கொண்டு நின்றது. பச்சைத் தண்ணீருக்குள் ஒரு பழுப்புத் தண்ணீர் அகலமாக நீண்டு வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே நுரை கோடு போட்டிருந்தது.

"இதுதான் அம்மா மகாவலி. மலையில மழை எண்டா இஞ்ச எங்களுக்குத் தெரிஞ்சிரும். தண்ணி இப்பிடித்தான் கலங்கி வரும்" என்றார் அவர்.

"அங்க அணையெல்லாம் கட்டிருக்காங்களே?" என்று அம்மா கேட்டார். 

"எத்தனை கட்டினா என்ன, பிந்தி வரும். வராம விடாது."

அம்மா குனிந்து பழுப்புத் தண்ணீருக்குள் கையை விட்டார். கொழுந்துக் கறை இன்னும் விரல் இடுக்குகளில் கறுப்பாக இருந்தது. கையை எடுக்கவேயில்லை. உதடு மட்டும் அசைந்தது. அப்பாவிடம் பேசுகிறார் என்று தெரிந்ததும் நானும் மனைவியும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். வெயில், நுரையின் மெல்லிய சத்தம், வள்ளத்தின் ஆட்டம். எவ்வளவு நேரம் போனது என்று நான் பார்க்கவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன். ஒங்களக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்" என்றேன். இரண்டு வருடமாகச் சொல்ல முடியாதது, அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

"சரி விடு. வந்து சேந்துட்டாருல்ல" என்றார். பிறகு, நாளைக்குக் கடைக்குப் போகும்போது ஏதாவது வாங்கிவரச் சொல்வதைப் போல, "என்னையும் அந்த அணைத் தண்ணியிலயே கரைச்சிரு தம்பி. கீழ போயி கல்லுக்கு நடுவுல தண்ணி தேடிக்கிட்டு நிக்காத" என்றார்.

எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது. என்ன பேச்சு இது என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதற்காக அவர் அவ்வளவு கவலையோடு காத்திருந்து நான் பார்த்ததேயில்லை.

"சரிம்மா" என்றேன். "அங்கேயே கரைக்கிறேன்."